பச்சைத் தேநீரும் கூந்தல் வளமும்



பச்சைத் தேநீர் பருகினால் கூந்தல் வளருமா என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற் சீமையில் தேயிலை விளைவதில்லை. ஆயினும் நம் கடைத்தெருவில் பச்சைத் தேயிலைப் பொட்டலம் கிடைக்கிறது. முடி வளரும் என்று நம்பி அதனை வாங்கும் இளைஞரும் உளர். நான் நெடுங்காலம் ஆசிரியத் தொழில் புரிந்தவன். ஆதலால் இக்கேள்விக்கு விடையை மட்டும் கூறாமல், அதனைக் காணும் வழியையும் உடன் காட்ட விரும்புகிறேன்.

முதலில் தேயிலையை நோக்குவோம். பச்சைத் தேயிலையும் கறுப்புத் தேயிலையும் இருவேறு செடிகளின் இலைகள் அல்ல. ஒரே செடியின் கொழுந்தை வாட்டிக் கசக்கிக் காற்றுப்பட வைத்தால் அது கறுத்து, நாம் பால் கலந்து பருகும் தேயிலையாகிறது. பறித்த சில மணி நேரத்திற்குள் ஆவியிலோ சட்டியிலோ சூடேற்றிவிட்டால் கறுப்பதில்லை. கேட்டச்சின் எனப்படும் துவர்ப்புப் பொருள்கள் அதில் மிகுதியாக நிலைத்து நிற்கின்றன. கூந்தலை வளர்ப்பதாகச் சொல்லப்படுபவை இவையே.

அடுத்து முடியின் இயல்பு. மனிதர் தலையில் ஏறத்தாழ 1,00,000 முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டு வரை வளர்ந்து, சில மாதம் ஓய்ந்து உதிர, அவ்விடத்தில் புதியது முளைக்கிறது. ஆகவே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயற்கையே. கடுங்காய்ச்சல் கண்டவர்க்கு இரண்டு மூன்று மாதம் சென்றபின் முடி மிகுதியாக உதிர்வதும், பின்னர்த் தானாகவே வளர்வதும் உண்டு. அவ்வேளையில் பச்சைத் தேநீர் பருகியவர், அதனால்தான் முடி வளர்ந்தது என்று ஊரெல்லாம் கூறுவார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் தேநீர் பருகாதவரோடு ஒப்பிட்டுப் பார்க்கவுமில்லை. ஒப்பீடு இல்லாத இடத்தில் அறிவியல் இல்லை.

ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சிகள் இல்லாமற் போகவில்லை. 2005-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்றில், முடி உதிர்ந்த சுண்டெலிகளுக்குத் தேயிலைச் சத்து கலந்த நீரை 6 மாதம் கொடுத்தனர்; ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எலிகளுக்கு முடி முளைத்தது. 2007-இல் தென் கொரிய அறிஞர்கள், மனித முடியின் வேர்ப்பைகளை ஆய்வுக்கூடத்தில் வைத்து, கேட்டச்சின் வகை ஒன்றை அவற்றின்மேல் நேராகச் செலுத்தி வளர்ச்சி கண்டனர். நம்பிக்கை தரும் செய்திகளே. ஆயினும் சுண்டெலி மனிதன் அன்று. ஆய்வுக்கூடக் கிண்ணம் நம் தேநீர்க் கோப்பையும் அன்று. நாம் பருகும் கேட்டச்சினில் மிகச் சிறு பகுதியே இரத்தத்தில் சேர்கிறது. பச்சைத் தேநீர் பருகுவதால் மனிதர்க்கு முடி வளரும் என்பது இன்றுவரை மெய்ப்பிக்கப்படவில்லை.

"வளராவிட்டால் போகட்டும், கெடுதல் இல்லையே" என்பீர்கள். இங்கேதான் கவனம் வேண்டும். உணவோடு சேர்த்துத் தேநீர் பருகினால், அதன் துவர்ப்புப் பொருள் தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தைப் பற்றிக்கொண்டு, உடலில் சேரவொட்டாமல் தடுக்கிறது. 2019 முதல் 2021 வரை நிகழ்ந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர். இரும்புக் குறைவும் முடி உதிர்வதற்கு ஒரு காரணமாகலாம். காலை உணவை விடுத்துப் பச்சைத் தேநீர் மட்டும் பருகும் மாணவி, முடியைக் காக்கப் போய் முடிக்குரிய உணவையே இழக்கிறாள்!

நம் கரிசல் மண்ணோ இவ்வகையில் வறியதன்று. 100 கிராம் கம்பில் ஏறத்தாழ 6 மில்லிகிராம் இரும்பு உண்டு. தீட்டிய அரிசியில் 1 மில்லிகிராம்கூட இல்லை. கம்பங்கூழைப் புளிக்க வைத்த நம் முன்னோர் செயலால், அவ்விரும்பு உடலில் சேர்வதும் எளிதாகிறது. முடி என்பது புரதத்தால் ஆனது. அப்புரதம் உளுந்திலும் நிலக்கடலையிலும் நிறைய உண்டு. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் அக்கடலையின் ஆக்கமே. ஆனால் வெல்லம் மிகுந்ததாதலால் அளவறிந்து உண்ணவேண்டும். உணவோடு ஒரு நெல்லிக்காய் உண்டால், இரும்புச் சத்து மேலும் நன்றாக உடலில் சேரும்.

பச்சைத் தேநீரை வெறுக்கச் சொல்லவில்லை. சுவைக்காகப் பருகுவோர், உணவு உண்டு ஒரு மணி நேரம் கழித்துப் பருகுக. அதன் சாரத்தை அடக்கிய மாத்திரைகளை மருத்துவரைக் கேளாது உண்ணவேண்டா. மிகுந்த அளவு ஈரலைக் கெடுக்கக்கூடும். முடி திட்டுத்திட்டாக உதிர்ந்தாலோ, பல மாதம் தொடர்ந்து உதிர்ந்தாலோ, தேநீர்க் கோப்பையை நாடாமல் மருத்துவரை நாடுக.

யாரேனும் ஒரு பொருளின் நன்மையைப் புகழ்ந்துரைத்தால், "யாரிடம் சோதித்தார்கள்? எவ்வளவு கொடுத்தார்கள்? எதனோடு ஒப்பிட்டார்கள்?" என்னும் மூன்று வினாக்களையும் கேளுங்கள். கூந்தல் காலத்தால் நரைக்கும். இவ்வினாக்களைக் கேட்கும் அறிவு நரைப்பதில்லை.