மாதவிடாய்க்கு முந்தைய நாள்கள்

மாதவிடாய் தொடங்குவதற்குச் சில நாள்கள் முன்பே பல பெண்களுக்கு உடலிலும் மனத்திலும் மாற்றம் தெரிய ஆரம்பித்துவிடுகிறது. மார்பு கனத்து வலிக்கும். வயிறு உப்பிக்கொள்ளும். தலைவலியும் இடுப்பு வலியும் வரும். எவ்வளவு தூங்கினாலும் அசதி தீராது. சின்னச் சொல்லுக்கும் கண் கலங்கும்; சட்டென்று கோபம் பொங்கும். உதிரப்போக்கு தொடங்கிய ஓரிரு நாளில் இவை தாமாகவே விலகிவிடும். அடுத்த மாதம் அதே வேளையில் மறுபடியும் வரும். பி.எம்.எஸ். என்று மருத்துவர்கள் சுருக்கமாகக் குறிப்பிடும் மாதவிடாய் முன் நோய்க்குறி இதுதான்.

1931-ல் நியூயார்க் மருத்துவர் ராபர்ட் ஃபிராங்க் இதை ஹார்மோனோடு தொடர்புபடுத்தி எழுதினார். 1953-ல் இங்கிலாந்து மருத்துவர்கள் கேத்தரினா டால்டனும் ரேமண்ட் கிரீனும் இதற்கு இன்றுள்ள பெயரைத் தந்தார்கள். புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன் குறைவதே காரணம் என்று டால்டன் உறுதியாக நம்பினார். பின்னாளில் நடந்த சோதனைகள் அந்தக் கருத்தை ஆதரிக்கவில்லை.

உள்ளே நடப்பது இதுதான். மாதச் சுழற்சியின் நடுவில் சினைப்பையிலிருந்து முட்டை வெளியேறுகிறது. அதன்பின் ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குப் புரோஜெஸ்டிரோன் மிகுதியாகச் சுரக்கிறது. கரு தங்காவிட்டால் புரோஜெஸ்டிரோனும் மற்றொரு பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனும் சரிகின்றன, உதிரப்போக்கு தொடங்குகிறது. இந்த ஏற்ற இறக்கம் எல்லாப் பெண்களுக்கும் பொதுவானது. அப்படியானால் சிலர் மட்டும் ஏன் துன்பப்படுகிறார்கள்? அமெரிக்கத் தேசிய மனநல ஆய்வு நிறுவனம் 1998-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு நல்ல விடை தந்தது. மருந்தால் சினைப்பையின் சுரப்பை நிறுத்தி, பிறகு அதே ஹார்மோன்களை வெளியிலிருந்து கொடுத்துப் பார்த்தார்கள். முன்பே பி.எம்.எஸ். இருந்த பெண்களுக்கு மனச்சோர்வு திரும்பி வந்தது. மற்றவர்களுக்கு எதுவும் ஆகவில்லை. கோளாறு ஹார்மோனின் அளவில் இல்லை. இயல்பான அளவுக்கே சிலரது மூளை வேறுவிதமாக எதிர்வினை காட்டுகிறது. மனநிலையைச் சீராக வைக்கும் செரட்டோனினுக்கும் இதில் பங்குண்டு. ஆகவே இதைக் குணக்கேடு என்றோ மனவலிமை இல்லாமை என்றோ சொல்வது அறியாமை.

அந்த அறியாமைதான் பெண்களை மிகுதியாக வருத்துகிறது. மாதத்தில் ஒரு வாரம் பாடத்தில் கவனம் நிற்காத மாணவியைச் சோம்பேறி என்கிறார்கள். வீட்டு வேலையும் வெளி வேலையும் சேர்ந்து அழுத்தும்போது வெடித்துவிடும் தாய், கோபம் அடங்கியபின் தன்னையே நொந்துகொள்கிறாள். இதற்கு நேர்மாறான அநியாயமும் உண்டு. நியாயமான காரணத்துக்காக ஒரு பெண் கோபப்பட்டால்கூட, “அவளுக்கு அந்த நேரம்” என்று அவள் பேச்சைத் தள்ளிவிடுகிறார்கள். இரண்டுமே தவறு.

இந்தத் தொல்லையைக் கண்டறிய இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. இரண்டு மாதங்களுக்கு ஒவ்வொரு நாளும் என்ன தொல்லை, எவ்வளவு கடுமை என்று எழுதி வைப்பதுதான் வழி. நாட்காட்டியின் கட்டத்திலேயே குறித்தாலும் போதும். மாதவிடாய்க்கு முன் தோன்றி, வந்தபின் மறைந்து, இடையில் சில நாள்களாவது நிம்மதி இருந்தால் அது பி.எம்.எஸ். மாதம் முழுவதும் நீடித்தால் காரணம் வேறு. தைராய்டு கோளாறு, இரத்தசோகை, மனச்சோர்வு ஆகிய மூன்றும் இதே முகத்தோடு வரக்கூடும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. அசதி என்று வரும் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் பார்க்காமல் விடக் கூடாது.

தொல்லை லேசாக இருந்தால் நடை, உடற்பயிற்சி, ஒழுங்கான தூக்கம், காபியையும் உப்பையும் குறைப்பது ஆகியவை பலருக்கு உதவுகின்றன. நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் எடுத்தவர்களுக்குத் தொல்லை தணிந்ததாக 1998-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. மாத்திரையை மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். ஆனால் கேழ்வரகும் தயிரும் எள்ளும் கால்சியம் நிறைந்தவை, அவற்றைச் சாப்பிட யாரையும் கேட்க வேண்டியதில்லை. வைட்டமின் பி6 மாத்திரையை இஷ்டம்போல் விழுங்குவது ஆபத்து. அளவு மிஞ்சினால் நரம்பு கெடும்.

நூற்றில் சிலருக்கு இது மிகக் கடுமையான வடிவம் எடுக்கிறது. நம்பிக்கை அற்றுப்போகும், உறவுகள் முறியும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட எழும். பி.எம்.டி.டி. எனப்படும் இதை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் தனி நோயாக ஏற்றது. செரட்டோனினைப் பெருக்கும் மனச்சோர்வு மருந்துகள் இதில் நன்கு வேலை செய்கின்றன. மனச்சோர்வுக்குப் பல வாரம் கழித்துப் பலன் தரும் அதே மருந்து, இங்கே சில நாள்களிலேயே பலன் தருவதால் மாதச் சுழற்சியின் பின்பாதியில் மட்டும் எடுத்துக்கொள்ளவும் முடியும். சில வகைக் கருத்தடை மாத்திரைகளும் பயன்படுகின்றன. எது யாருக்கு என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

உயிரை விடும் எண்ணம் எழுந்தால் மாதவிடாய் வந்து சரியாகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.