முப்பது நாள் கூலி



வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் பிழைப்பாரா என்பதை எது தீர்மானிக்கிறது? கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவிவிட்டதா, வெட்டிய விளிம்பில் நோய் மிச்சமிருக்கிறதா என்பவற்றை மருத்துவம் முதலில் சொல்லும். அது உண்மைதான். தொடக்கநிலை நோயாளிகளுக்கு, கழுத்தில் கட்டி தெரியும்வரை காத்திராமல் முதல் அறுவையிலேயே முடிச்சுகளை அகற்றினால், மூன்றாண்டு கடந்து வாழ்வோர் 67.5 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காடாக உயர்கிறார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2015இல் வெளியிட்ட ஆய்வு இது.

ஆனால் தொடக்கநிலையில் மருத்துவமனைக்கு வர யாரால் முடிகிறது? ஒருநாள் போகாவிட்டால் கூலி இல்லை என்ற ஒப்பந்தத்தில் குப்பை அள்ளுகிறவர், ஆறாத புண்ணோடு மாதக்கணக்கில் வேலைக்குப் போகிறார்.

அறுவையோடும் முடிவதில்லை. நோய் திரும்பும் ஆபத்து உள்ளவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்க வேண்டும். வாரம் ஐந்து நாள் வீதம் சுமார் 30 முறை. இடையில் நின்றால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும். காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவை ஏற்கும். முப்பது நாள் கூலியை யார் கொடுப்பது? வாய் திறக்க முடியாமல், கஞ்சியும் இறங்காமல் இருப்பவர் தினமும் பேருந்து ஏறி வரவேண்டும். நின்றுபோனால் 'தொடர் சிகிச்சைக்கு வரவில்லை' என்று பதிவேட்டில் எழுதிவிடுகிறோம். குற்றம் அவர்மேல் விழுகிறது.

என் களப்பணியில் தூய்மைப் பணியாளர்கள் பலர் சொன்னது ஒன்றுதான்: நாற்றம் தாங்கத்தான் புகையிலையை அதக்குகிறோம். நான் கையில் வைத்திருந்த படிவத்தில் அதற்கு 'பழக்கம்' என்று ஒரு கட்டம் இருந்தது. தொழிலுக்கும் சாதிக்கும் கட்டமே இல்லை. புகையிலையும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும். அறுவைக்குப் பிறகும் தொடர்ந்தால் இன்னொரு புற்று வரக்கூடும். விடத்தான் வேண்டும். விட்டுவிடு என்று அறிவுரை சொல்லி, அதே சாக்கடைக்குத்தானே அவரைத் திருப்பி அனுப்புகிறோம்?

எனவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. பணியிடத்திலேயே வாய்ப் பரிசோதனை. சிகிச்சை நாட்கள் முழுவதற்கும், ஒப்பந்தத் தொழிலாளிக்கும், ஊதியத்துடன் விடுப்பு. மருத்துவப் பதிவில் தொழிலும் சாதியும். கணக்கில் வராத சாவுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், தோழர்களே.