மலைவாணர் கிளர்ச்சிகள்

(நமது சங்கத்தின் சின்ன காஞ்சிபுரம் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆங்கில ஆட்சியை எதிர்த்தோர் யாவர் என வினவின், நம் சிறுவர் கட்டபொம்மு முதலிய பாளையக்காரர் பெயர்களையும் காங்கிரஸ் தலைவர் பெயர்களையும் தடையின்றிச் சொல்லுவர். மலைவாணர் பெயர் ஒன்றேனும் அவர் நாவில் எழுவதில்லை. அவர்களைக் குறிப்பிடுவோரும், 'காட்டு ஜனங்கள் அறியாமையால் கலகம் செய்தனர்' என்று கூறி அமைவர். அக்கூற்று அடாது. தம்மிடமிருந்து பறிக்கப்பட்டது இன்னதென்று நன்கறிந்தே அவர்கள் எழுந்தனர்.

அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த வயநாட்டைப் பாருங்கள். அங்குள்ள குறிச்சியர் வில்வித்தையில் வல்லவர். பழசி ராஜாவின் பக்கம் நின்று போர் புரிந்தவர். அவருள் ஒருவனாகிய தலைக்கல் சந்து, எடச்சேனக் குங்கனொடு சேர்ந்து 1802-இல் பனமரம் கோட்டையைத் தாக்கினான். 1805-இல் ராஜா மாண்டபின் நாடு அடங்கியிருந்தது. பின்னர்க் கும்பனியார் வரியை நெல்லாக ஏற்காது நாணயமாகவே செலுத்துமாறு வற்புறுத்தலாயினர். புனத்தில் விளையும் தானியமன்றி வேறு பொருளில்லாதார் நாணயத்திற்கு எங்குச் செல்வர்? 1812 மார்ச்சு மாதத்தில் குறிச்சியரும் குறும்பரும் கிளர்ந்தெழுந்தனர். மே மாதத்திற்குள் படைவலியால் ஒடுக்கப்பட்டனர்.

தறியை நம்பி வாழும் நமக்கு இத்துன்பம் விளங்காததன்று. அக்கும்பனியாரே மோதர்பா என்னும் பெயரால் தறிக்கும் வரி தண்டினர். பாவு தறியிலிருக்க, நெய்த சீலை விலையாகாதிருக்க, வரி கேட்போன் மட்டும் வாயிலில் வந்து நிற்பான்.

இனிக் கோதாவரி ஜில்லாவின் ரம்பா மலைநாடு. அங்கு வாழ்ந்த கோயர், கொண்டரெட்டிகள் முதலியோர்க்குப் பனைவகைக் கள் வேனிற்காலத்து உணவு போன்றது. தம் மரத்துக் கள்ளைத் தமக்கென இறக்குதலும் கூடாதென அரசாங்கம் தடுத்து, அவ்வுரிமையைக் குத்தகைக்கு விட்டது. கள்ளின் பொருட்டோ கலகம் என்று நகைப்பாருமுளர். கள்ளுக்கு வக்காலத்து வாங்க யான் வரவில்லை. தன் மரத்தின் பயனைப் பிறன் ஏலமெடுத்தால் எவன் பொறுப்பான்? 1879-இல் மூண்ட கிளர்ச்சி அண்டை நாடுகளுக்கும் பரவி அடுத்த ஆண்டளவும் நின்றது.

1882-ஆம் ஆண்டுச் சென்னைக் காட்டுச் சட்டம் புனஞ்செய்தலுக்கும் தடைவிதித்தது. கூடெம் மலையில் பாதை அமைக்க மலைவாணரை அற்பக் கூலிக்கு வருத்தி வேலை வாங்கினர். இந்நிலையில் அவர்க்குத் தலைவராயினார் அல்லூரி சீதாராம ராஜு. அவர் மலைக்குடியிற் பிறந்தவரல்லர். துறவியாய் அங்கு வந்து தங்கியவர். 1922 ஆகஸ்டு 22, 23, 24 ஆகிய மூன்று நாட்களில் சிந்தப்பள்ளி, கிருஷ்ணதேவிபேட்டை, இராஜவொம்மங்கிப் போலீஸ் நிலையங்களைத் தாக்கித் துப்பாக்கிகளைக் கைப்பற்றினார். வியப்பு யாதெனின், எடுத்துச்செல்லும் ஆயுதங்களைக் கணக்காக எழுதிக் கையொப்பமும் இட்டுச் சென்றார். கொள்ளைக்காரன் செய்யும் செயலா இது? 1924 மே 7-ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவருடைய தோழர் காம் மல்லு தொரை அந்தமானுக்கு அனுப்பப்பட்டு நெடுங்காலம் சிறைத்துன்பம் நுகர்ந்தார். அவரே, சுதந்தர இந்தியாவின் முதற் பொதுத் தேர்தலில் வென்று, 1952-இல் டில்லிப் பாராளுமன்றத்தில் அங்கத்தினராக வீற்றிருந்தார்.