ஆபரேஷனுக்கு முன் உங்கள் ஃபோனில் இருக்க வேண்டியவை



ஆபரேஷன்னு சொன்னதும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "எந்த டாக்டர் பண்றாரு?" என்பதுதான். மயக்க மருந்து யார் கொடுக்கிறாங்க என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் நீங்கள் மயக்கத்தில் இருக்கும் நேரம் முழுவதும் உங்கள் மூச்சையும் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கவனித்துக்கொண்டிருப்பவர் மயக்கவியல் மருத்துவர்தான். நானும் அந்த வேலை பார்க்கிறவன், அதனால் கொஞ்சம் சொந்தப் பெருமைன்னு நினைச்சாலும் பரவாயில்லை.

பெரிய மருத்துவமனைகளில் ஃபிட்னஸ் பார்க்கிற டாக்டர் ஒருவர், தியேட்டரில் மயக்க மருந்து கொடுப்பவர் இன்னொருவர், மறுநாள் வார்டுக்கு வருபவர் வேறொருவர் என்று இருக்கலாம். நீண்ட ஆபரேஷனில் நடுவிலேயே டியூட்டி மாறுவதும் உண்டு. இது ஆபத்தா? கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2018ல் வெளியிட்டார்கள். நடுவில் டாக்டர் மாறிய இடங்களில் பாதிப்புகள் கூடுதலாகத் தெரிந்தன. பிறகு ஜெர்மனியில் சுமார் 1,800 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்துச் சோதித்தார்கள். 2022ல் வந்த அந்த முடிவில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. என்னைக் கேட்டால், ஆள் மாறுவதைவிட தகவல் விட்டுப்போவதுதான் பயப்பட வேண்டிய விஷயம்.

சிலருக்கு மூச்சுக்குழாயில் ட்யூப் போடுவது ரொம்பக் கஷ்டம். வெளியே பார்த்தால் தெரியாது. முதல் ஆபரேஷனில் எப்படியோ சமாளித்துப் போட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியிலும் எழுதியிருப்பார்கள். அஞ்சு வருஷம் கழிச்சு, வேற ஊர்ல, ராத்திரி 2 மணிக்கு அவசர ஆபரேஷன்னு வெச்சுக்கோங்க. சம்மரி வீட்டு பீரோவில், ஏதோ ஒரு ஜவுளிக்கடைப் பைக்குள்ள இருக்கு. மயக்கம் கொடுத்து, நோயாளி தானாக மூச்சுவிடுவது நின்ற பிறகுதான் புது டாக்டருக்கு விஷயம் தெரியும். அப்போது கையில் இருப்பது சில நிமிடங்கள். முன்பே தெரிந்திருந்தால், விழித்திருக்கும்போதே மெல்லிய கேமரா உதவியுடன் ட்யூப் போட்டிருக்கலாம். சில ஆபரேஷன்களை முதுகில் ஊசி போட்டே முடித்திருக்கலாம்.

அதனால் இன்றைக்கே டிஸ்சார்ஜ் சம்மரியின் எல்லாப் பக்கங்களையும் ஃபோட்டோ எடுத்து வையுங்க. சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளையும் பெயர் தெரியும்படி எடுங்க. நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் மறைக்காதீங்க. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர் சொல்லட்டும். எந்த மருந்து ஒத்துக்காது, ரத்த உறவில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்சினை வந்ததா என்றும் எழுதி வையுங்க. 14 இலக்க ஆபா எண் இருந்தால் பதிவுகளை அதில் இணைக்கலாம். எல்லா மருத்துவமனைகளும் அதில் சேரவில்லை என்பதால் ஃபோட்டோவும் வேணும். முக்கியமா, கூட வருகிறவர் ஃபோனுக்கும் அனுப்பிடுங்க. மயக்கத்தில் இருக்கும்போது உங்க ஃபோன் லாக்கை யார் திறப்பது?

தியேட்டர் வாசலிலும் உள்ளேயும் பெயர், என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம் என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். சலிப்பாகத்தான் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2008ல் கொண்டுவந்த சரிபார்ப்புப் பட்டியலில் உள்ள வழக்கம் அது. பதில் சொல்லுங்க.

ஆபரேஷன் முடிந்தவர்கள் என்னிடம் சொல்லும் குறைகள் தையல் வலியைப் பற்றி மட்டும் இல்லை. வாந்தி, குளிர் நடுக்கம், தாகம், பிறகு "யாருமே வந்து எதுவும் சொல்லலை." போன தடவை வாந்தி எடுத்திருந்தால் ஃபிட்னஸ் பார்க்கும்போதே சொல்லுங்க, முன்கூட்டியே மருந்து கொடுக்க முடியும். திட உணவுக்கு 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி என்பது பொதுக் கணக்கு. காலை ஆபரேஷன் மதியத்துக்குத் தள்ளிப்போனால், "சிஸ்டர், கொஞ்சம் தண்ணி குடிக்கலாமா?" என்று கேட்பதில் தப்பில்லை.

முதுகில் ஊசி போட்டவர்களுக்கு உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் குறைகிறது என்றால் மாத்திரைக் கடைக்குப் போகாமல் மயக்கவியல் டாக்டரையே கூப்பிடச் சொல்லுங்க. வீட்டுக்குப் போன பிறகு வந்தாலும் மருத்துவமனைக்கே தகவல் கொடுங்க. யாரைக் கேட்பது என்று புரியாவிட்டால் 104 இருக்கிறது.