பள்ளி வாசலில் 24 நொடி

(சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அதிக நேரம் எடுக்க மாட்டேன்.

போன மாதம் ஒரு நாள், காலை 8.50. மகளைப் பள்ளியில் இறக்கிவிடக் காரில் போனேன். நேரமாகிவிட்டதே என்று கொஞ்சம் வேகம். நின்றிருந்த ஆட்டோவுக்கு முன்னாலிருந்து ஒரு சின்னப் பையன் சாலையில் ஓடி வந்தான். பிரேக் பிடித்து நின்றபோது அவனுக்கும் காருக்கும் ஒரு கை தூரம். அவன் பாட்டுக்கு ஓடிவிட்டான். பின்சீட்டிலிருந்து மகள் கேட்டாள்: "மெதுவாப் போயிருக்கலாம்லப்பா?"

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 50 கி.மீ. வேகத்தில் போகும் கார், ஆளைப் பார்த்து பிரேக் மிதித்து நிற்பதற்குள் காய்ந்த சாலையிலேயே சுமார் 28 மீட்டர் ஓடிவிடும். 30 கி.மீ. என்றால் சுமார் 13 மீட்டர். பள்ளிக்கு முந்தைய அரை கிலோமீட்டரைக் கடக்க 50-ல் 36 நொடி, 30-ல் 60 நொடி. நாம் மிச்சம் பிடிப்பது 24 நொடிதான்! 2020-ல் ஸ்டாக்ஹோம் உலக மாநாடு, வாகனங்களும் நடப்பவர்களும் கலக்கும் சாலைகளில் 30 கி.மீ.யை உச்சவரம்பாக வலியுறுத்தியது.

"போலீஸ் என்ன செய்கிறது?" என்கிறோம். சட்டம் இருக்கிறது. 2019 திருத்தப்படி, அதிவேகக் காருக்கு அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய். லைசென்ஸ் வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. ஆனால் எல்லாப் பள்ளி வாசலிலும் தினமும் போலீஸ் நிற்க முடியாது. நம் பார்க்கிங்கிலிருந்து டியூஷனுக்குக் கிளம்பும் ஸ்கூட்டரை நாம்தான் நிறுத்த வேண்டும்.

அளவு என்றால் என்னவென்று நம் வட்டாரத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டாசு ஆலையில் அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று விதி உண்டு. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் ஆலை வெடிவிபத்தில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகு ஊரெல்லாம் விதிகளைப் பற்றித்தான் பேச்சு. சாலையிலும் உயிர் போன பிறகுதான் பேச வேண்டுமா?

உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள்.

1. பள்ளிக்கு முந்தைய அரை கிலோமீட்டரில் 30-ஐத் தாண்டாதீர்கள். உங்கள் பிள்ளையை ஏற்றிச் செல்லும் வேன், ஆட்டோ டிரைவரிடமும் சொல்லுங்கள்.

2. லைசென்ஸ் இல்லாத பிள்ளையிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

3. வேகத்தடை, எச்சரிக்கைப் பலகை, நடைபாதைக் கோடு கேட்டு, கலெக்டர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு மனு தயார். வாட்ச்மேன் அறையில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.