பூங்காவும் காத்திருத்தலும்



இப்பொழிவு வரிசையில் உரையாற்ற அழைப்பு வந்தபோது, தமிழ் வினைச்சொற்களின் அமைப்பைப் பற்றியோ சிங்கப்பூரின் இருமொழியச் சூழலைப் பற்றியோ பேசுவோம் என அமைப்பாளர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். வாழ்நாளின் பெரும்பகுதியை அவற்றிலேயே கழித்தவர் வேறு எதைப் பேசுவார்? ஆயினும் இன்று ஒரு மல்லிகைச் செடியைப் பற்றிப் பேச விழைகிறோம். வினைச்சொல்லும் இருமொழியமும் அதன் வழியே தாமாக வந்து சேரும்.

தேசியப் பூங்காக் கழகம் பொதுப் பூங்காக்களில் குடியிருப்பாளர்களுக்குத் தோட்டப் பாத்திகளைக் குத்தகைக்கு விடுவதைத் தாங்கள் அறிவீர்கள். பணி ஓய்வுக்குப் பின், குலுக்கலில் அப்படியொரு பாத்தி எங்களுக்குக் கிடைத்தது. 'எங்களுக்கு' என்றது துணைவியாரையும் உளப்படுத்தி. நீளம் 2.5 மீட்டர், அகலம் 1 மீட்டர், குத்தகை 3 ஆண்டு. அடுக்குமாடி வீட்டிலேயே வாழ்ந்து பழகியவர்களுக்கு அது ஒரு பண்ணை. அண்டைப் பாத்திக்காரர்கள் கங்கோங் கீரையும் மிளகாயும் பண்டானும் பயிரிட்டார்கள். நாங்கள் பூச்செடிகள் மட்டுமே வைத்தோம்: நந்தியாவட்டை, சங்குப்பூ, ஒரு மூலையில் வெட்சி, நடுவில் மல்லிகை. நம் சாலையோரங்களில் வேலியாக நிற்கும் வெட்சியைப் பிள்ளைகள் இட்லிப்பூ என்கிறார்கள். தொல்காப்பியர் போர்த்திணைகளை அதன் பெயரால்தான் தொடங்கினார் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், பெயர் நினைவில் நின்றால் போதும்.

பூங்கா என்பது பூவும் காவும் சேர்ந்த சொல். கா என்றால் சோலை. காத்தல் என்னும் வினைக்கும் கா என்பதே பகுதி. ஒலி ஒத்திருப்பதால் வேரும் ஒன்றே எனக் கொண்டாடுவது தமிழாய்வாளரைப் பிடித்த பழைய நோய். அதற்கு இடங்கொடுக்க மாட்டோம். பூக்கடை, பூக்கூடை என விற்கும் இடத்தில் வல்லெழுத்து மிகுகிறது, பூங்கா, பூங்கொடி எனச் செடியோடு இருக்கும் இடத்தில் மெல்லெழுத்துத் தோன்றுகிறது என்று ஒரு மாணவர் முன்பு அழகாக விளக்கம் கூறினார். பூங்கொத்து ஒன்று குறுக்கே வந்து அவ்விளக்கத்தைக் கெடுத்துவிட்டது. ஆனால் ஒன்றை ஐயமின்றிச் சொல்லலாம். காத்திரு என்பது காத்து, இரு என்னும் இரண்டின் கூட்டு. நம் மொழியில் காத்திருப்பவர் சும்மா இருப்பவர் அல்லர். ஒன்றைக் காத்துக்கொண்டு இருப்பவர்.

இன்னொரு சொல் நம்பு. இன்று நம்பிக்கை என்றவுடன் உறுதி, ஐயமின்மை என்னும் பொருள்களே மனத்தில் எழுகின்றன. தொல்காப்பிய உரியியல் அச்சொல்லுக்குத் தரும் பொருள் வேறு. நம்பு, மேவு ஆகிய இரண்டையும் நசை, அதாவது விருப்பம், என்னும் பொருளில் அது வைக்கிறது. பல்லாண்டு காலம் இதை ஒரு பொருள்மாற்றச் சான்றாக மட்டுமே வகுப்பில் கூறிவந்தோம். விருப்பத்தைக் குறித்த சொல் பிற்காலத்தில் உறுதியைக் குறிக்கலாயிற்று என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குச் சென்றுவிடுவோம். பழைய பொருளின் எடை மல்லிகை பூக்காமல் நின்ற அந்த ஏழு மாதங்களில்தான் விளங்கிற்று.

ஏழு மாதம் இலை மட்டுமே. பச்சைப் பசேலென்று வளர்ந்தது. ஓர் அரும்பு இல்லை. தண்ணீரை மிகுதியாக ஊற்றினோம், உரத்தையும் மிகுதியாக இட்டோம். தழைச்சத்து மிகுந்தால் செடி தழைக்குமே தவிரப் பூக்காது என்பது நூலில் படித்ததுதான். படித்ததற்கும் கைக்கும் இடையே எவ்வளவு தொலைவு! அண்டைப் பாத்தியில் கங்கோங் வளர்த்த சீன மூதாட்டியார், நாங்கள் ஆன்ட்டி என்று அழைப்பவர், ஒரு நாள் செடியருகே வந்து, இரு விரல்களைக் கத்தரிபோல் அசைத்து, "போத்தோங், போத்தோங்" என்றார். வெட்டு என்பதற்கு மலாய்ச் சொல். எங்களுக்குச் சீனம் தெரியாது. அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. பழைய சந்தை மலாய்தான் இருவருக்கும் பொது.

கவாத்துச் செய்யவேண்டும் என்று அறிந்தும் கை வரவில்லை. ஏழு மாதம் வளர்த்ததை வெட்டுவதா? மல்லிகை புதுத் தளிரில்தான் அரும்பு கட்டும். பழைய கிளையைக் காப்பாற்றிக்கொண்டே இருந்தால் பழைய கிளைதான் மிஞ்சும். இறுதியில் துணைவியார் கத்தரியை வாங்கி வெட்டினார். பாதிச் செடி தரையில் கிடந்தது. அன்று எங்களிடம் உறுதி எதுவும் இருக்கவில்லை. பூக்கும் என்று மெய்ப்பிக்க ஒரு சான்றும் இல்லை. பூக்கவேண்டும் என்ற நசை இருந்தது, அதற்காகச் செய்யவேண்டிய வேலையும் இருந்தது. தொல்காப்பியர் கூறிய நம்பு அதுவே என்பது நம் துணிபு. ஆறு வாரம் கழித்து முதல் அரும்பைக் கண்டோம். அரும்பு, முகை, போது, மலர், அலர், வீ, செம்மல் என்று ஒரு பூவின் வாழ்வுக்குத் தமிழ் இத்தனை பெயர் வைத்திருக்கிறதே, யாரோ செடியருகே நாள்தோறும் நின்று பார்க்காமலா இவை பிறந்திருக்கும்?

பூச்செடி வளர்ப்பதை இறைப்பணியாகக் கொண்டது நம் மரபு. திருவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்த பெரியாழ்வார், திருப்புகலூரில் நால்வகைப் பூவும் பறித்து மாலை தொடுத்த முருக நாயனார், இராமானுசரின் விருப்பப்படி திருமலைக்குச் சென்று மலர்த்தோட்டம் வளர்த்த அனந்தாழ்வான் என்று சமய வரலாறு பலரைச் சொல்கிறது. அவர்களுக்குப் பூ யாருக்கு என்பது தெரியும். மாலை கட்டி முடித்தால் சென்று சேருமிடம் உண்டு. பொதுப் பூங்காவில் அப்படி ஒரு சேருமிடம் இல்லை. மெதுவோட்டம் ஓடுபவர், பள்ளிக்கு விரைபவர், இரவு வேலை முடிந்து நடந்துபோகும் ஊழியர் என யார் கண்ணில் படும் என்பது வளர்ப்பவருக்குத் தெரியாது. பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. நந்தவனத்தின் நம்பிக்கையைவிடப் பூங்காவின் நம்பிக்கை கடினமானது என்று சில வேளைகளில் நினைப்பதுண்டு. அடியார்கள் மன்னிப்பார்களாக.

பூக்கத் தொடங்கிய இரண்டாம் வாரம், விடியலில் சென்று பார்த்தால் மொட்டுகள் இல்லை. யாரோ பறித்திருந்தார்கள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் சினம் தலைக்கேறி, அறிவிப்புப் பலகை ஒன்று வைப்பதென முடிவு செய்தோம். நான்கு மொழியிலும் வேண்டும். தமிழுக்கே ஒரு மாலை செலவாயிற்று. 'பறிக்காதீர்' என்பது கட்டளையாக ஒலித்தது. 'பறிக்க வேண்டா' என்பது கெஞ்சலாக ஒலித்தது. 'பறித்தல் கூடாது' என்றால் அரசாங்கம் பேசுவதுபோல் இருந்தது. ஒருவழியாக, 'இவை நாங்கள் வளர்த்த மலர்கள்' என்று தொடங்கி எழுதி, ஆங்கிலத்தில் 'எங்கள் மலர்கள்' என்பதுபோல் ஒரு தலைப்பும் இட்டோம். மலாய் வாசகத்துக்கு எதிர்ப்பாத்தி மாக்சிக்கிடம் உதவி கேட்டோம். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஆங்கிலத் தலைப்பைப் படித்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"காமியா, கித்தாவா?"

அவையோர்க்கு இது விளங்கியிருக்கும். மலாயில் காமி என்றால் கேட்பவரை விலக்கிய நாங்கள். கித்தா என்றால் கேட்பவரையும் சேர்த்த நாம். தமிழிலும் இவ்வேறுபாடு பழையது: முன்பு யாம், நாம், இன்று நாங்கள், நாம். கேட்பவரை உள்ளடக்குவதை உளப்பாடு என்கிறது இலக்கணம். ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். நம் மாணவர்கள் கட்டுரைகளில் இவ்விரண்டையும் மாற்றி எழுதுவதை முப்பது ஆண்டுக்கு மேல் சிவப்பு மையால் திருத்தியிருக்கிறோம். எந்த வேறுபாட்டைப் பிறருக்குக் கற்பித்தோமோ அதே வேறுபாட்டை, ஒரு பூங்காப் பலகையில் எழுதும்போது, மாக்சிக் வந்து கேட்க வேண்டியிருந்தது. பொதுப் பூங்காவில், குலுக்கலில் கிடைத்த பாத்தியில் நின்றுகொண்டு, வருவோர் போவோர் அனைவரையும் விலக்கும் தன்மைப் பெயரை எழுதியிருந்தோம்.

பறித்தவர் செய்தது சரி என்று கூறவில்லை. பூங்காச் செடிகளில் பூப் பறிப்பது சட்டப்படியும் தவறு. அவர் யார் என்பது இன்றுவரை தெரியாது. ஆனால் பலகை வைக்கவில்லை. அத்தாள் இன்னும் அகராதி ஒன்றினுள் மடித்துக் கிடக்கிறது. சில நாள் மொட்டு இருக்கும். சில நாள் இராது.

இவ்வூரில் இத்தகைய பொறுமைக்குப் பெரிய முன்னோடி ஒருவர் உண்டு. சிங்கப்பூர்ப் பூமலையின் இயக்குநராக 1925 முதல் 1949 வரை பணியாற்றிய எரிக் ஹால்ட்டம். ஆர்க்கிட் விதை தூசியைப் போன்றது. அதனுள் உணவுச் சேமிப்பு இல்லை. காட்டில் ஒருவகைப் பூஞ்சையின் துணையில்லாமல் முளைக்காது. நுண்ணுயிர் புகாத கண்ணாடிக் குடுவையில், சர்க்கரை கலந்த ஊடகத்தில் அதை முளைக்க வைக்கும் முறையை அமெரிக்கரான லூயிஸ் நட்சன் 1922இல் வெளியிட்டார். அம்முறையைக் கொண்டு ஹால்ட்டம் 1928இல் கலப்பின ஆர்க்கிட் வளர்ப்பை இங்கே தொடங்கினார். முதற்கலப்பினம் பூத்தது 1931இல். மூன்றாண்டுகள், குடுவைக்குள் பச்சைப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு. சப்பானியர் ஆட்சிக் காலத்திலும் தோட்டத்திலேயே பணியாற்றினார், ஆய்வை விடவில்லை. மலாயா ஆர்க்கிட் பற்றிய அவருடைய நூல் 1953இல் வந்தது. அவர் குவேக்கர் என்னும் கிறித்துவ மரபைச் சேர்ந்தவர். அம்மரபினர் மரபுவழிக் கூட்டங்களில் பாட்டோ சடங்கோ இன்றி மௌனமாகக் கூடி அமர்ந்து காத்திருந்து வழிபடுவார்கள். குடுவையையும் அக்கூட்டத்தையும் முடிச்சுப் போடுவது நம் கற்பனையாக இருக்கலாம். இன்று இந்நாட்டின் பூங்காக்களில் ஆர்க்கிட்டைப் பார்ப்போரில் அவர் பெயர் அறிந்தோர் எத்தனை பேர்?

ஆசிரியர்களே, உங்களிடம் மறைப்பதற்கில்லை. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளருள், வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்றோர் 3.3 விழுக்காடு. 2020இல் அது 2.5 விழுக்காடு. ஆங்கிலம் 32.3இலிருந்து 48.3க்கு உயர்ந்தது. இத்தகைய எண்களைக் கோட்டுப்படமாக வரைந்து, அக்கோடு எங்கே போய் முடியும் என்று கட்டுரை எழுதியவர்களுள் நாமும் ஒருவர். அக்கட்டுரைகளில் பிழையில்லை. அவற்றை எழுதிய வீட்டிலேயே பேத்தி தமிழில் கேட்ட கேள்விக்கு ஆங்கிலத்தில் மறுமொழி கூறுகிறாள் என்பதும் உண்மை. பல ஆண்டுகள் அவளைச் சொல்லுக்குச் சொல் திருத்தினோம். அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். மிகுதியாக ஊற்றிய தண்ணீர் என்பது இப்போது புரிகிறது.

குத்தகை அடுத்த மாதம் முடிகிறது. பாத்தி வேறொருவருக்குப் போகும்; அவர் மல்லிகையைப் பிடுங்கிவிட்டுக் கத்தரி நடலாம், அது அவர் விருப்பம். ஆன்ட்டி ஒரு பதியன் கேட்டு வாங்கிக்கொண்டார். மாக்சிக் ஏற்கெனவே ஒன்று கொண்டுபோய்விட்டார்; அவர் அதை மெலுர் என்கிறார். சென்ற சனிக்கிழமை மீண்டும் கவாத்துச் செய்தோம். புதுத் தளிரில் அரும்பு கட்டும்போது பாத்தி எங்களுடையதாக இராது. பேத்தி வெட்டிய கிளைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எண்ணினாள். ஒன்று, இரண்டு என்று தமிழில் தொடங்கிப் பன்னிரண்டு வரை வந்தாள். அதன்பின் ஆங்கிலத்தில் எண்ணி முடித்தாள். நாங்கள் இருவரும் குறுக்கிடவில்லை. மொத்தம் பத்தொன்பது கிளை.