சூரிய மின்சாரமும் மாநில வரிச் சலுகையும்
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



அமெரிக்காவில் சொந்த வீடு வாங்கிக் குடியேறியுள்ள நம் உறவினர் சிலர், கூரையில் சூரிய மின்தகடு பொருத்தினால் அரசு வரிச் சலுகை அளிக்கிறதாமே என்று நம்மிடம் வினவுகின்றனர். அதன் உண்மை நிலையை இங்குச் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

அங்கே ‘டாக்ஸ் கிரெடிட்’ எனப்படுவது கையில் தரப்படும் மானியமன்று. நாம் செலுத்த வேண்டிய வரியிலிருந்து நேரடியாகக் கழிக்கப்படும் தொகையே அது. மத்திய அரசு வீட்டு உரிமையாளர்களுக்கு வழங்கிவந்த 30 விழுக்காட்டுச் சலுகை 2025 டிசம்பர் 31உடன் முடிவுற்றது. ஆகவே, இனி மாநிலச் சலுகைகளே முக்கியத்துவம் பெறுகின்றன. ஆனால் அவை எல்லா மாநிலங்களிலும் இல்லை. இருக்குமிடத்திலும் ஒரே அளவினவாக இல்லை.

நியூயார்க் மாநிலச் சட்டம் செலவில் 25 விழுக்காட்டை, 5,000 டாலர் உச்சவரம்புடன் அனுமதிக்கிறது. அரிசோனாவிலும் அதே 25 விழுக்காடுதான். ஆயினும் உச்சவரம்பு 1,000 டாலர் மட்டுமே. மாசசூசெட்ஸில் 15 விழுக்காடு; உச்சவரம்பு 1,000 டாலர்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நியூயார்க்கில் ஒருவர் 24,000 டாலர் செலவிடுகிறார். 25 விழுக்காடு 6,000 ஆயினும், அவருக்குரியது 5,000 டாலரே. ஆண்டுக்கு 2,000 டாலர் மாநில வரி செலுத்துபவர் மூன்று ஆண்டுகளில் அதனை முழுமையாகக் கழித்துக்கொள்வார். 300 டாலரே வரி செலுத்தும் எளியவரின் நிலை வேறு. மீதியை அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே கொண்டுசெல்லலாம் என்பதால், ஆறு ஆண்டுகளில் அவர் பெறுவது 1,800 டாலர். எஞ்சிய 3,200 அவருக்கு இல்லாமற்போகும். வருமான வரியே செலுத்தாத பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் இத்தகைய சலுகையால் நேரடிப் பயனில்லை.

இக்குறையைக் களையும் வழியும் உண்டு. குறைந்த வருமானம் உடையோர், வரியைவிடச் சலுகை மிகுந்தால் மிகுதியைப் பணமாகவே பெற ஹவாய் மாநிலச் சட்டம் இடமளித்தது. அள்ளிக் கொடுப்பவனுக்கே மேலும் அள்ளிக் கொடுக்கும் சலுகையைவிட, இல்லாதவனையும் எட்டும் சலுகையே நீதிக்கு நெருக்கமானது என்பது நம் கருத்து.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. லூசியானா மாநிலம் ஒரு காலத்தில் முதல் 25,000 டாலர் செலவில் பாதியைத் திருப்பித் தந்தது. 2015இல் சட்டமன்றம் மொத்தத் தொகைக்கு வரம்பு கட்டியது. அதனை நம்பி முன்னரே பணம் செலவிட்ட பலரின் விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டன. 2017இல் வேறொரு சட்டம் இயற்றிய பின்னரே, தவணைகளில் அத்தொகையை வழங்க வழி பிறந்தது. கடன் வாங்கித் தகடு பொருத்தியவர்கள் அதுவரை பட்ட துன்பத்தை எண்ணிப் பாருங்கள்!

எனவே, உறவினர்களுக்கு நாம் சொல்ல வேண்டியவை மூன்று: விற்பனையாளர் கூறும் தொகையை அப்படியே நம்பாதீர்கள், உங்கள் மாநிலத்தின் நடப்பாண்டுச் சட்டத்தையும் நீங்கள் செலுத்தும் வரியையும் வரிக்கணக்கரிடம் காட்டிக் கேளுங்கள், சலுகை கிடைக்காவிடினும் தாங்கக்கூடிய செலவா என்று எண்ணிய பின்னரே கையொப்பமிடுங்கள்.

வெயில் இலவசம், ஒப்பந்தம் இலவசமன்று. இதனை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுமாறு வேண்டுகின்றோம்.